முந்திரிகைக் கொடியின் கண்ணீரை அளந்த ஸ்டீபன் ஹேல்ஸ்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதுவதே தக்கதெனத் துணிந்தோம். எப்பெரியாரை எழுதுவது என்பதில் எமக்கு ஐயம் இருக்கவில்லை. அவர் நம்மவரல்லர், நம் சமயத்தவருமல்லர், இத்தீவில் அவர் கால் வைத்ததுமில்லை. ஆயினும் காங்கேசன்துறையில் எமது வீட்டு வளவில் நின்ற ஒரு முந்திரிகைக் கொடியின் வழியாக அவர் எமக்கு அறிமுகமானார். அவ்வறிமுகம் இன்றுவரை அறுந்துபோகவில்லை.

அது 1960களின் நடுப்பகுதி. நாள்தோறும் காங்கேசன்துறையிற் புகைவண்டியேறி, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என நிலையங்களை எண்ணிக்கொண்டு யாம் கல்லூரிக்கு வந்துபோன காலம். எமது கிணற்றடியில் ஒரு பந்தல் இருந்தது. அதிற் படர்ந்திருந்த கொடியைப் பிறர் திராட்சை என்பர். யாழ்ப்பாணத்தார் நாம் முந்திரிகை என்போம். பருப்புத் தரும் மற்றையதை மரமுந்திரிகை என்று வேறு பிரிப்போம். மாரி மழை ஓய்ந்தபின் சில நாட்களுக்கு நீர் கட்டாது நிறுத்திவைத்து, மண் உலர்ந்ததும் கொடியைக் கத்தரிப்பது எமது தந்தையாரின் வழக்கம். ஓராண்டு அவர் நோயுற்றுப் படுத்தமையால் அவ்வேலை பிந்திவிட்டது. எழுந்து நடமாடத் தொடங்கியதும், முதல்நாள் நீர் பாய்ந்திருந்ததையும் அரும்புகள் பருத்திருந்ததையும் பொருட்படுத்தாமற் கத்தரித்துவிட்டார். வெட்டுவாய் ஒவ்வொன்றிலிருந்தும் நீர் சொட்டத் தொடங்கிற்று. அது தெளிந்த நீர், கண்ணீரைப்போன்றே இருந்தது. இரவு முழுதும் சொட்டியது. மறுநாள் சாணமும் களிமண்ணும் குழைத்து அப்பினோம். நீர் அதனைத் தள்ளிக்கொண்டு வெளிவந்தது. துணி சுற்றிக் கட்டினோம். துணி நனைந்து வடிந்தது. கொடி அழுகின்றது, இனி அது பிழைக்காது என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

கல்லூரியிற் சென்று தாவரவியல் ஆசிரியரிடம் இதனைக் கூறினோம். அவர் சிரித்தார். பின்னர்க் கரும்பலகையில் ஒரு வெட்டுண்ட தண்டையும், அதன்மேல் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றையும் வரைந்து, அக்குழாயினுள் இரசத்தையும் நிரப்பிக் காட்டி, பக்கத்தில் ஹேல்ஸ் என்னும் பெயரை எழுதினார். நுமது தந்தையார் செய்த பிழையையே இந்த மனிதரும் செய்தார், அப்பிழையினாலேயே புகழடைந்தார் என்பது அவர் அன்று சொன்னதன் சாரம்.

ஸ்டீபன் ஹேல்ஸ் 1677ஆம் ஆண்டு செப்தெம்பர் 17ஆம் நாள், இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்திலுள்ள பீக்ஸ்போண் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் செல்வாக்குள்ளது. ஆயினும் அவர் ஆறாவது ஆண்மகன். அந்நாட்டு முறைப்படி பட்டமும் நிலமும் மூத்தவனுக்கே உரியன. இளையவர்களுக்குத் திருச்சபைப் பணி ஒரு வழி. 1696இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்று, இன்று கோப்பஸ் கிறிஸ்டி என வழங்கும் கல்லூரியிற் சேர்ந்தார். 1703இல் அங்கேயே அங்கத்தவருமானார். சமயக்கல்வி கற்கச் சென்றவர் அங்கே கற்றது சமயம் மாத்திரமன்று. வில்லியம் ஸ்ரூக்லி என்னும் இளைஞரோடு கூடிச் சுற்றுவட்டாரத்து வயல்களிலும் பற்றைகளிலும் அலைந்து செடி கொடிகளைச் சேர்த்தார். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பொறியொன்றைச் செய்தார். நியூட்டனின் புகழ் பரவியிருந்த பல்கலைக்கழகம் அது. இயற்கையின் செயல் எதுவாயினும் அதனை எண்ணிலும் நிறையிலும் அளவிலும் கூறல்வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் அங்கேயே வேரூன்றிற்று.

1709இல் தேம்சு நதிக்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூருக்கு அவர் குருவானவராக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31. அதன்பின் வாழ்நாள் முழுதும், 51 ஆண்டுகள், அவ்வூரே அவருடைய ஊர். 1720இல் மேரி நியூஸ் என்பவரை மணந்தார்; மறுவருடமே அவ்வம்மையார் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அவர் மறுமணம் செய்யவுமில்லை. ஒரு வீடும், ஒரு தோட்டமும், அத்தோட்டத்துச் சுவரோரம் படர்ந்த சில முந்திரிகைக் கொடிகளுமே அவருக்கு ஆய்வுகூடமாயின.

அவருடைய முதல் ஆய்வுகள் கொடிகளைப் பற்றியனவல்ல, விலங்குகளைப் பற்றியன. உயிருள்ள நாயின் நாடியிலும் குதிரையின் நாடியிலும் குழாயைப் பொருத்தி, குருதி எவ்வளவு உயரத்துக்கு எழுகின்றது என்று அளந்தார். பெண்குதிரை ஒன்றில் அது இதயத்தின் இடக்கீழறை மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் எழுந்தது. குருதியமுக்கத்தை நேராக அளந்த முதல் மனிதர் அவரே. இன்று மருத்துவமனைகளிற் புயத்திலே பட்டியைச் சுற்றி அளக்கப்படும் அளவுக்கு மூலம் அங்கேயே உள்ளது. ஆயினும் அக்குதிரையின் கதையைப் படிக்குந்தோறும் எமது மனம் கூசுகின்றது. அவருடைய அயலூரவரும் நண்பருமான கவிஞர் அலெக்சாந்தர் போப்பும் இதனை வெறுத்தார். ஹேல்ஸ் நல்லவர், ஆனால் அவர் கைகள் குருதியில் தோய்கின்றனவே என்பது கவிஞரின் வருத்தம். ஹேல்சுக்கும் அவ்வேலை உவப்பாயிருக்கவில்லை. அறுத்துப் பார்க்கும் அருவருப்பினால் அதனை இடையிற் கைவிட்டார்.

கைவிட்டபோதிலும் ஒரு வினா அவரை விடவில்லை. விலங்கின் குருதி இத்துணை விசையோடு ஓடுமாயின், மரத்தின் சாறு எத்துணை விசையோடு ஓடும்? அதனை அளக்கும் வழி அவருக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் சென்றன. 1720ஐ அண்டிய ஒரு வசந்தகாலத்தில், பழைய முந்திரிகைத் தண்டு ஒன்று பருவம் பிந்தி வெட்டப்பட்டுவிட்டது. வெட்டுவாயிலிருந்து சாறு வடிந்தது. கொடி பட்டுப்போகுமென்று அவர் அஞ்சினார். (எமது ஆச்சியின் அச்சமும் அதுவே.) பலவாறு முயன்றும் வடிதல் நிற்காமையால், விலங்கின் சவ்வுப்பை ஒன்றின் துண்டை வெட்டுவாயின்மேல் இழுத்துக் கட்டினார். சிறிது நேரத்தில் அச்சவ்வு புடைத்தெழுந்தது. உள்ளிருந்து ஒரு விசை அதனைத் தள்ளியது.

வேறொருவராயின் இன்னுமொரு கட்டுக் கட்டியிருப்பார். ஹேல்ஸ் சவ்வை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். குதிரையின் நாடியிற் பொருத்திய குழாயை இங்கே கொடியிற் பொருத்தலாமென்பது அவருக்கு அக்கணமே விளங்கிவிட்டது. துன்புறுத்தாமல் அளக்கக்கூடிய நாடி ஒன்று அவருடைய தோட்டத்திலேயே இருந்தது.

அடுத்த சில வசந்தங்களில் அவர் செய்தவற்றைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். நிலத்திலிருந்து 7 அங்குல உயரத்தில் கொடியொன்றை மார்ச்சு மாத இறுதியில் வெட்டினார். எஞ்சிய கட்டையிற் கிளையுமில்லை, இலையுமில்லை. அதன்மேற் பித்தளைக் கழுத்தொன்றைப் பொருத்திக் கண்ணாடிக் குழாய்களை ஒன்றன்மேலொன்றாக நிறுத்தினார். சாறு குழாயில் ஏறியது. 21 அடி வரை ஏறியது. பொருத்துவாய்கள் கசியாதிருப்பின் இன்னும் ஏறியிருக்கும் என்பது அவர் எண்ணம். அத்துணை உயரமான குழாயைக் காற்றில் நிறுத்திவைத்து நாட்கணக்கிற் பார்ப்பது இலகுவன்று. ஆகவே பின்னர் வளைந்த குழாயில் இரசத்தை இட்டு அளந்தார். இரசம் நீரைவிட ஏறத்தாழ பதின்மூன்றரை மடங்கு பாரமானதால், உயரம் அந்த அளவுக்குக் குறையும். ஒரு கொடியில் இரசம் 38 அங்குலம் எழுந்தது. நீராயின் அது 43 அடிக்குச் சிறிது மேல். குதிரையின் தொடை நாடியிலுள்ள குருதியின் விசையைவிட இது 5 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். இதயமில்லாத, தசையில்லாத, விரலளவு தடித்த ஒரு கட்டையின் வேலை இது.

குழாயினூடே காற்றுக்குமிழிகள் ஓயாது மேலெழுந்து நுரைத்ததையும் அவர் குறித்துவைத்தார். அவை ஏன் எழுந்தன என்பது பிற்காலத்திலேயே தெளிவாயிற்று. குளிர்நாட்டு முந்திரிகையின் நீர்க்குழல்கள் பனிக்காலத்திற் காற்று நிறைந்து வெறுமையாகிவிடும். வசந்தம் வந்து மண் வெதும்பியதும் வேர் நீரை உறிஞ்சி மேலே தள்ளும். அந்த அமுக்கத்தினால் குழல்களிலுள்ள காற்று வெளியேறிக் குழல்கள் மீண்டும் நீரால் நிறையும். கொடி அழுவது நோயினாலன்று. அவ்வாண்டின் வேலைக்குத் தன் வாய்க்கால்களைத் துப்புரவு செய்கின்றது. அதனைக் கண்ணாற் கண்டு எழுதிவைத்தவர் ஹேல்ஸ். பொருள் விளங்க 200 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நாம் வியப்பது அவருடைய குழாய்களைக் கண்டல்ல. குழாய் எவருக்கும் கிடைக்கும். அவர் காலையும் மாலையும் அதனருகே சென்று நின்றார். மழை பெய்த நாளில் எவ்வளவு, வெயிலெறித்த நாளில் எவ்வளவு, குளிர்காற்று வீசிய இரவில் எவ்வளவு என்று நாட்குறிப்பு வைத்தார். ஒரே கொடியின் வெவ்வேறு கிளைகளில் அளவிகளைக் கட்டி, அவை ஒன்றாக ஏறி இறங்குவதில்லை என்று கண்டார். வசந்தம் முதிர முதிர ஒரு மாற்றம் தோன்றிற்று. வெயிலேறும் வேளையிற் சாறு இறங்கலாயிற்று. இலைகள் விரிந்து பெருத்தபின் வடிதல் முற்றாக நின்றுவிட்டது. அதே கொடி, அதே வேர், அதே மண். ஆயின் வெட்டினால் ஒரு துளியும் வரவில்லை. இலையுள்ள கிளையை வெட்டி நீர்க்குழாயிற் பொருத்தினால், வெளியே தள்ளுவதற்குப் பதிலாக அது நீரை உள்ளே இழுத்தது.

இங்கேதான் அவருடைய அறிவின் கூர்மை வெளிப்படுகின்றது. இலைகள் என்ன செய்கின்றன என்பதை அவர் ஏற்கெனவே அளந்திருந்தார். 1724ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மூன்றரை அடி உயரமான சூரியகாந்திச் செடியொன்றைச் சாடியில் வைத்து, சாடியின் வாயை ஈயத்தகட்டால் மூடி, 15 நாட்கள் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். பகலொன்றுக்குச் சராசரி 1 இறாத்தல் 4 அவுன்சு நீர் இலைவழியே ஆவியாய்ப் போயிற்று. பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால், மனிதன் வியர்வையாய் இழப்பதைவிட இது 17 மடங்கு என்றார். ஆவியுயிர்ப்பு என்று இன்று நம் மாணவர் படிக்கும் பாடம் அந்தச் சாடியிலிருந்து பிறந்தது. இலை நீரை ஆவியாக்கி விடுவதனால் கீழுள்ள நீர் மேல்நோக்கி இழுபடுகின்றது. இலை இல்லாத பருவத்தில் இழுப்பார் இல்லை. அப்போது வேர் தள்ளுகின்றது. இலை வந்தபின் இழுவை மேலோங்க, வேரின் தள்ளுகை தோன்றாது மறைந்துவிடுகின்றது. ஒரே கொடிக்கு ஆண்டில் இருவேறு விசைகள். பருவத்துக்கேற்ப ஒன்று ஓய மற்றையது ஓங்கும். முந்திரிகைச் சாற்றைப் பற்றிப் பின்வந்தோர் அறிந்தவை யாவும் இந்த அடித்தளத்தின்மீது எழுந்தவையே.

எமது பந்தலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திற் பனிக்காலம் இல்லை. முந்திரிகை தானாக முற்றும் இலையுதிர்த்து உறங்குவதுமில்லை. அதனை உறங்கச் செய்பவனும் எழுப்புபவனும் தோட்டக்காரனே. அவன் கத்தியே அதற்கு மார்கழி, அவன் கத்தியே அதற்குச் சித்திரை. கத்தரித்து இலைகளை நீக்கிவிட்டால் இழுவை அறுகின்றது. மண்ணில் ஈரமிருந்தால் வேர் தள்ளுகின்றது, வெட்டுவாய் வடிகின்றது. வெட்டுமுன் சில நாட்கள் நீர் கட்டாது விடும் எங்கள் முன்னோரின் வழக்கத்துக்குக் காரணம் இதுவே. சுண்ணக்கல்லின்மேற் படிந்த வலிகாமத்துச் செம்மண்ணில், ஆறில்லாக் கிணற்றுநீரை நம்பிப் பயிர் செய்தவர்கள், டெடிங்டன் குருவானவரின் நூலைக் கண்டவரல்லர். வேரும் இலையும் எதிரெதிராய் வேலை செய்யும் முறையைத் தம் கையறிவால் அவர்கள் பிடித்திருந்தார்கள். தந்தையார் அவ்வாண்டு அவ்வழக்கத்தை மீறினார், கொடி காட்டிக்கொடுத்துவிட்டது. ஆச்சி அஞ்சியபடி அது பட்டுப்போகவில்லை. அரும்புகள் வெடித்து இலை விரிந்ததும் வடிதல் நின்றது. அந்தப் போகம் காய் சிறிது குறைவு, அவ்வளவுதான்.

ஹேல்சின் கண்டுபிடிப்புக்கள் 1727இல் நூலாக வெளிவந்தன. வெஜிடபிள் ஸ்டாற்றிக்ஸ் என்பது அதன் பெயர். தாவரங்களில் நிகழ்வனவற்றை நிறுத்தும் அளந்தும் கூறும் நூல் அது. 1718இலேயே அவர் இலண்டன் அரசவைச் சங்கத்தின், அதாவது றோயல் சொசைற்றியின், அங்கத்தவராகியிருந்தார். அந்நூலை அச்சிடுதற்குச் சங்கத் தலைவர் என்னும் முறையில் ஒப்பமிட்டவர் ஐசாக் நியூட்டன். ஒப்பமிட்டுச் சில கிழமைகளில் நியூட்டன் மறைந்தார். 1735இல் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் புஃபோன் தாமே அதனைத் தம் மொழியிற் பெயர்த்தார். நீரின்மேற் காற்றைச் சேகரிக்கும் முறையொன்றும் அந்நூலில் இருந்தது. பிரீஸ்ட்லியும் கவண்டிசும் வாயுக்களை ஆராய்ந்தபோது அம்முறையின் வழிவந்தவற்றையே கையாண்டனர். விலங்குகளின் குருதியைப் பற்றிய நூல் 1733இல் வந்தது.

அவர் யாவற்றையும் சரியாகக் கண்டார் என்று சொல்லோம். விலங்கிற் குருதி சுற்றிவருவதுபோலத் தாவரத்திலும் சாறு சுற்றிவருகின்றதா என்பது அக்காலத்துப் பெருவழக்கு. இல்லையென்று தம் ஆய்வுகளால் அவர் காட்டினார். விலங்கிற்போன்ற சுற்றோட்டம் இல்லை என்பது உண்மையே. ஆயின் இலையிற் சமைக்கப்பட்ட சீனிச்சாறு வேறொரு வழியாகத் தாவரத்தின் ஏனைய உறுப்புகளுக்குச் செல்கின்றதென்பது அவருக்குப் பிடிபடவில்லை. காழினூடே வேர்நீர் மேலேறுகின்றது. உரியத்தினூடே இனிய சாறு வேண்டுமிடம் செல்கின்றது. இவ்வேறுபாடு யாழ்ப்பாணத்தாருக்கு ஏட்டறிவன்று. முந்திரிகையின் வெட்டுவாயில் வடிவதை நாவிலிட்டால் வெறும் நீர்போலவே இருக்கும். அதிற் சிறிதளவு சீனியும், புளிப்பொருள்களும், உப்புக்களுமே உண்டு. பனையின் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டினால் இறங்கும் கருப்பநீரோ நூறு பங்கில் 10 பங்குக்கும் மேற்பட்ட சீனியை உடையது. முன்னது காழின் நீர். பின்னது உரியத்தின் சாறு. டெடிங்டனில் ஒரு பனை நின்றிருந்தால் ஹேல்ஸ் அந்தத் தவற்றைச் செய்திருக்கமாட்டார் என்று எமது ஆசிரியர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இன்னுமோர் வினா எஞ்சியிருந்தது. வேரின் தள்ளுகை முந்திரிகையில் 43 அடி நீரைத் தாங்கலாம். இருநூறு முந்நூறு அடி மரங்களின் உச்சிக்கு நீர் எவ்வாறு ஏறுகின்றது? 1891இல் ஜேர்மானிய அறிஞர் ஸ்ராஸ்பேர்கர், உயிர்க்கலங்களைக் கொல்லும் நஞ்சை மரத்துக்கு ஊட்டியபோதும் நீர் ஏறுவதைக் காட்டினார். 1894இல் அயர்லாந்தின் டிக்சனும் ஜோலியும், நீர்த்துணிக்கைகள் ஒன்றோடொன்று பிணைந்து இழையறாது இழுபடுகின்றன என்றும், இழுப்பது இலையின் ஆவியுயிர்ப்பே என்றும் விளக்கினர். நம் பாரத நாட்டு ஜகதீச சந்திர போஸ் இதற்கு உடன்படவில்லை. உயிருள்ள கலங்கள் இதயம்போலத் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று அவர் கருதி, 1923இற் பெருநூலொன்று எழுதினார். போசின் பெயரைக் கேட்டாலே நெஞ்சு நிமிரும் பரம்பரையினர் யாம். ஆயினும் இவ்விடயத்தில் உலகம் ஏற்றுக்கொண்டது டப்ளின் அறிஞரின் விளக்கத்தையே. போஸ் தேடிய இதயம் மரத்திற் கிடைக்கவில்லை. இலையின் இழுவையை 1720களிலேயே அளந்திருந்த ஹேல்ஸ், முடிவில் வென்ற பக்கத்துக்கே அண்மையில் நின்றார்.

நூல்கள் வெளிவந்தபின் அவர் வாழ்வு வேறு திசையிற் சென்றது. மலிவான சாராயம் இலண்டன் ஏழைகளைக் குடும்பம் குடும்பமாக அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1734இல் குடிப்போருக்கு அறிவுரை கூறும் சிறுநூலொன்றைத் தம் பெயரிடாமலே வெளியிட்டார். 1736இல் ஜின் மதுவைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. மதுவிலக்குக்காக உழைத்த நம் முன்னோர் இதனை அறிந்திருந்தால் அவரையும் தம்மவராகக் கொண்டிருப்பர். 1739இற் றோயல் சொசைற்றி அவருக்குக் கொப்ளி பதக்கம் அளித்தது. பின்னர்க் காற்றோட்டப் பொறிகளிற் கவனஞ் செலுத்தினார். சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் கப்பல்களின் அடித்தட்டுகளிலும் மனிதர் கெட்ட காற்றினால் மடிவதைத் தடுக்கப் பெரும் துருத்திகளை அமைத்தார். அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல்களிலும் அவை பொருத்தப்பட்டன. அதனாற் பல உயிர்கள் பிழைத்திருக்கலாம். ஆயினும் அக்கப்பல்களே இருத்தலாகாதென்று அவர் போராடினாரல்லர். அந்நூற்றாண்டின் குருட்டுப்புள்ளி அவர் கண்ணிலும் இருந்தது.

அரசிளங்குமரி ஒகஸ்தாவின் நன்மதிப்பு அவருக்கு இருந்தது. அரண்மனைப் பதவியும் கிடைத்தது. ஆயினும் அவர் டெடிங்டனை விட்டுப் போகவில்லை. 1754இல் ஊருக்கு நல்ல நீர் கொண்டுவந்து, அந்நீர் எவ்வளவு வருகின்றதென்பதைக் கோயிற் பதிவேட்டில் எழுதிவைத்தார். நொடிக்கொரு முறை ஆடும் ஊசல் மூன்று முறை ஆடுமுன் இரண்டு குவாட்டுப் பாத்திரம் நிறையும் என்பது அவர் குறிப்பு. பிறப்பும் இறப்பும் எழுதும் ஏட்டில் ஊற்றுநீரின் ஓட்டத்தையும் அளந்தெழுதும் குருவானவர் அவர். 1761ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், தமது 83ஆம் வயதில் இறந்தார். தாம் கட்டுவித்த கோயிற் கோபுரத்தின் கீழே, தாம் விரும்பியபடியே அடக்கம் செய்யப்பட்டார். ஒகஸ்தா அவருக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்.

ஒருவருக்கு ஐம்பத்தோராண்டு ஒரே தோட்டம் கிடைத்தது என்பதை எழுதும்போது எமது கை சிறிது தயங்குகின்றது. முந்திரிகையை ஒரு பருவம் பார்த்தாற் போதாது. ஆண்டுதோறும், அதே வேலியருகே நின்று பார்த்தால்தான் அது தன் கணக்கைச் சொல்லும். எமக்கு அது வாய்க்கவில்லை. 1990இற் போர் காரணமாகக் காங்கேசன்துறை வெறுமையாயிற்று. 1950 முதல் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, புகைவண்டி நின்றது, வீடுகளும் தோட்டங்களும் பாதுகாப்பு வலயத்தின் வேலிக்குள் அகப்பட்டன. பந்தல் எப்படியிருக்கும் என்று தந்தையார் இடம்பெயர்ந்த வீட்டுத் திண்ணையிலிருந்து எம்மைப் பலமுறை கேட்டதுண்டு. எந்தத் திங்களில் வெட்டவேண்டும், எத்தனை நாள் நீர் நிறுத்தவேண்டும், எந்தக் கொடி முந்தும், எது பிந்தும் என்பன அவருக்கு மாத்திரம் தெரிந்தவை. யாம் அவற்றை எழுதிவைக்கவில்லை. அவர் ஊர் திரும்பாமலே கண்மூடினார்.

போர் முடிந்தபின் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2015 சனவரியில் காங்கேசன்துறைக்குப் புகைவண்டி மீண்டும் வந்தது. சில ஆண்டுகள் கழித்து எமது வளவையும் காண முடிந்தது. கிணறு இருந்தது, கட்டு இடிந்திருந்தது. பந்தற் கற்றூண்களில் இரண்டு நின்றன. கொடி இல்லை, அது நின்ற இடத்தில் ஈச்சம்பற்றை மண்டியிருந்தது. பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, அதே தூணடியில் புதுக் கொடியொன்றை நட்டோம்.

அது இப்போது பந்தலேறிவிட்டது. சென்ற தையிற் கத்தரித்தபோது வேண்டுமென்றே முதல்நாள் சிறிது நீர் விட்டோம். தடித்த வெட்டுவாய் ஒன்றிற் சோடாப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் பேரன் அளந்தான். முதல் மூன்று நாளும் ஒவ்வொரு காலையிலும் போத்தலிற் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, பகலிற் குறைவு. பத்தாம் நாள் அரும்பு வெடித்தது. இரண்டாம் கிழமை முடிவில் இலைகள் உள்ளங்கையளவு விரிந்தபோது போத்தல் உலர்ந்திருந்தது. கணக்கை அவன் தன் பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கின்றான். அடுத்த கத்தரிப்புக்கும் அதே கொப்பி வேண்டுமென்று அதனை வாங்கிப் பெட்டகத்தில் வைத்திருக்கின்றோம்.